முதலும் போணியும்

அன்புள்ள ஐயா,

கடலுக்கு அடியில் ஒரு முக்குளிப்பவரோ ஆளில்லாக் கலமோ நெருங்கினால் அதன் ஒலியைப் பிரித்தறியும் கருவி ஒன்றை நானும் இரண்டு நண்பர்களும் செய்திருக்கிறோம். ஒரு முதலீட்டு நிறுவனம் 6 லட்சம் வெள்ளி தருகிறேன் என்கிறது, 20 விழுக்காடு பங்கு கேட்கிறது. பாதுகாப்புத் துறையைக் குறிவைத்தே தொழிலை நடத்த வேண்டும் என்பது அவர்கள் நிபந்தனை. போருக்கான பொருளைச் செய்கிறோமோ என்று மனம் உறுத்துகிறது. மாமனார் பார்க்கிற வேலையை விடாதே என்கிறார். வரும் வெள்ளிக்கிழமைக்குள் கையெழுத்துப் போட வேண்டும். போடலாமா?

க., கிளமெண்டி, சிங்கப்பூர்

அன்புள்ள க.,

உங்கள் நான்கு பக்கக் கடிதத்தைத்தான் மேலே சுருக்கியிருக்கிறேன். மூன்று பக்கம் முதலீட்டாளரைப் பற்றி: அவர் முன்பு எதில் பணம் போட்டார், எந்த ஓட்டலில் சந்தித்தார், உங்கள் ஸ்லைடுகளைப் பார்த்து என்ன சொன்னார். கருவியைப் பற்றி ஒரு பக்கம், அது மிக அழகான பக்கம். நம் கடலில் சொடுக்கிறால்கள், அதாவது கொடுக்கைச் சொடுக்கி ஒலி எழுப்பும் சிறு இறால்கள், எழுப்பும் இரைச்சல் எண்ணெயில் வடை பொரிவது போல இருக்கும், அதற்கு நடுவே ஒரு மனிதனின் மூச்சைத் தேடுகிறோம் என்று எழுதியிருந்தீர்கள். அந்த இடத்தை என் மனைவிக்குப் படித்துக் காட்டினேன். ஆனால் அந்தக் கருவியை யார் வாங்கப்போகிறார் என்று நான்கு பக்கத்திலும் ஒரு வரி இல்லை. ஒரே ஒரு வரி கூட இல்லை, தம்பி. எனக்குக் கோபமே வந்தது.

பங்கைப் பற்றிப் பெரிதாகக் கவலைப்பட வேண்டாம். ஆரம்பக் கட்டத்தில் 20 விழுக்காடு கேட்பது வழக்கம்தான். நல்ல வழக்கறிஞர் ஒருவரிடம் ஒப்பந்தத்தைக் கொடுத்துப் படிக்கச் சொல்லுங்கள். மாமனார் தன் மகளை நினைத்துப் பேசுகிறார், அவரோடு வாதாடாதீர்கள்.

மன உறுத்தல் வேறு. அது உங்களிடம் இருப்பது எனக்கு நிம்மதி. இந்த மாதிரிப் பொருள்களின் ஏற்றுமதிக்கு இங்கே 2002ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்று இருக்கிறது. ஆனால் சட்டம் அனுமதித்தாலும் உங்கள் மனம் அனுமதிக்காத வாடிக்கையாளர் இருப்பார். அது யார் என்று மூன்று பேரும் உட்கார்ந்து எழுதி, பணம் வருவதற்கு முன்பே முதலீட்டாளரிடம் காட்டிவிடுங்கள். பணம் வந்த பிறகு சொன்னால் யாரும் கேட்க மாட்டார்கள்.

சரி, என் கோபத்துக்கு வருகிறேன்.

என் அப்பா செம்பவாங் கடற்படைத் தளத்தில் டர்னராக இருந்தவர். 1971இல் பிரிட்டிஷ் படைகள் விலகிய பிறகு ஜாலான் புசார் பக்கம் ஒரு சந்தில் லேத் பட்டறை போட்டார். மாமா 5,000 வெள்ளி முதல் போட்டார். அந்தக் காலத்தில் அது பெரிய பணம். செகண்ட் ஹேண்டில் ஒரு லேத் வந்தது, மாலை போட்டுப் பூசை செய்தோம். அதற்குப் பிறகு எட்டு மாதம் அது சும்மா நின்றது. ஒரு கம்பெனி சாம்பிள் கேட்டு வாங்கி வைத்துக்கொண்டு இன்றைக்கு, நாளைக்கு என்று இழுத்துவிட்டுக் கடைசியில் பதிலே சொல்லவில்லை. மாமா வாரம்தோறும் வந்து கணக்குப் பார்த்தார், நல்ல மனிதர், ஆனால் அவரால் ஒரு ஆர்டரைக் கொண்டுவர முடியவில்லை. அம்மா சாமி படத்துக்கு முன்னால் நின்று பணம் கேட்டதே இல்லை. "ஒரு போணி ஆகட்டும் முருகா" என்றுதான் கேட்பார்.

போணி ஒரு மலையாளி ஸ்டோர் கீப்பர் கையால் ஆனது. பம்ப் தண்டு சுழல்வதற்கான உருளை வளையம், அதாவது புஷ், பித்தளையில் 24 கேட்டார். நான் பள்ளி விட்டு வந்து அப்பாவோடு டெலிவரிக்குப் போயிருந்தேன். அவர் மைக்ரோமீட்டரை எடுத்து ஒவ்வொன்றாக அளந்து ஏழு புஷ்களை ஒதுக்கிவைத்தார். அப்பாவின் முகம் சுருங்கிவிட்டது. அந்த மனிதர் திட்டவில்லை. ஒதுக்கிய புஷ் ஒன்றின் உள்பக்கத்தைச் சாக்குக்கட்டியால் தேய்த்து வெளிச்சத்தில் காட்டினார். லேத்தின் வெட்டுக்கருவி அதிர்ந்த கோடுகள் வரிவரியாகத் தெரிந்தன. "இதைச் சரி பண்ணிக்கொண்டு வா" என்று சொல்லி அங்கேயே அடுத்த 40க்கு ஆர்டர் எழுதினார். அந்த இளஞ்சிவப்புக் கார்பன் நகல் அப்பா இறக்கும்வரை முருகன் படத்துக்குப் பின்னால் இருந்தது. மாமாவின் 5,000 வெள்ளிப் பத்திரம் எங்கே போனது என்று யாருக்கும் தெரியாது.

இது எங்கள் வீட்டுக் கதை மட்டுமல்ல. 1957இல் எட்டுப் பேர் வேலையை உதறிவிட்டு ஃபேர்சைல்ட் செமிகண்டக்டர் என்ற டிரான்சிஸ்டர் கம்பெனியை அமெரிக்காவில் தொடங்கினார்கள். முதல் போட்டது ஷெர்மன் ஃபேர்சைல்டின் நிறுவனம். அது எல்லாருக்கும் தெரியும். மறுவருடம் அவர்களிடம் முதன்முதலில் வாங்கியது யார்? ஐபிஎம். ஒரு குண்டுவீச்சு விமானத்தின் கணினிக்காக 100 டிரான்சிஸ்டர், ஒன்று 150 டாலர். அனுப்பப் பெட்டி கூட இல்லாமல், பாத்திரம் தேய்க்கும் பிரில்லோ வந்த அட்டைப்பெட்டியில் போட்டு அனுப்பினார்கள். அடுத்து சில வருடங்களில் சிப் வந்தபோதும் அதே கதைதான். ஆரம்பத்தில் அதிக விலை கொடுத்து வாங்கியவை நிலவுக்குப் போன அப்பல்லோ திட்டமும் மினிட்மேன் ஏவுகணைத் திட்டமும். அவர்கள் வாங்கி வாங்கித்தான் குறை தெரிந்தது, குறை தெரிந்துதான் விலை இறங்கியது. ஸ்பேஸ்எக்ஸையும் பாருங்கள். மூன்று ராக்கெட் விழுந்து, 2008 செப்டம்பரில் நான்காவது மேலே போனது. அப்போதும் கையில் காசில்லை. டிசம்பரில் நாசா 12 சரக்குப் பயணத்துக்கு 160 கோடி டாலர் ஒப்பந்தம் கொடுத்தது.

கைப்பேசிச் செயலி செய்கிறவர்களுக்கு இந்தக் கவலை இல்லை, மறுநாளே ஆயிரம் பேர் தரவிறக்கிச் சொல்லிவிடுவார்கள். உங்களுக்கு வாடிக்கையாளர் மூன்றோ நான்கோதான். அவர்கள் சோதிப்பார்கள், பாராட்டுவார்கள், அப்புறம் பட்ஜெட் அடுத்த வருடம் என்பார்கள். நல்ல மாதிரிக்கும் கொள்முதல் தாளுக்கும் நடுவில் இருக்கிற அந்த வருடங்களில்தான் உங்களைப் போன்றவர்களின் பணம் தீர்கிறது. அமெரிக்க உளவுத்துறை 1999இல் இன்-கியூ-டெல் என்ற முதலீட்டு நிறுவனத்தைத் தொடங்கியதும், இங்கே பாதுகாப்புத் துறையின் தொழில்நுட்ப அமைப்பான டிஎஸ்டிஏ தன் முதலீட்டுப் பிரிவாக கேப் விஸ்டாவை வைத்திருப்பதும் வெறும் பங்கு வாங்குவதற்காக அல்ல. பயன்படுத்தப்போகிறவரையும் செய்கிறவரையும் ஒரே மேசையில் உட்காரவைக்க வேண்டும் என்பதற்காக.

கையெழுத்துப் போடலாமா என்று கேட்டிருந்தீர்கள். வெள்ளிக்கிழமை வேண்டாம். ஒரு மாத அவகாசம் கேளுங்கள், அதற்குக் கூட மறுப்பவர் உங்களோடு ஐந்து வருடம் காத்திருக்க மாட்டார். அந்த மாதத்தில் முதலீட்டாளரிடம் ஒன்று மட்டும் கேளுங்கள்: இதை வைத்துப் பார்க்கக்கூடிய, குறை சொல்லக்கூடிய ஒருவரிடம் எங்களை அழைத்துப்போவீர்களா? அவர் போனை எடுத்து அப்படி ஒருவரைக் கூப்பிட்டால் 20 விழுக்காடு தாராளமாகக் கொடுங்கள். எடுக்காவிட்டால் நீங்களே போங்கள். படைக்காரர்தான் வேண்டும் என்றில்லை, மீன் பண்ணை வைத்திருப்பவரும் திருடனைக் கண்டு பயப்படுகிறார். கருவியை அவர் மிதவைக்குக் கீழே ஒரு வாரம் தொங்கவிட்டு, எத்தனை முறை பொய்யாகக் கத்தியது என்று அவரையே எண்ணச் சொல்லுங்கள். அந்த எண்ணிக்கையை எனக்கு எழுதுங்கள்.

அன்புடன்.