டொக்டரிடம் கேளுங்கள்: பழைய வருத்தமா, புதுக் கிருமியா?

கேள்வி: டொக்டர் ஐயா, எனக்கு 34 வயது. தலவாக்கலைப் பக்கம் தோட்டத்தில் கொழுந்து எடுக்கிறேன். ஆறு வருடமாக அல்சரேட்டிவ் கோலைட்டிஸ், பெருங்குடல் புண்ணாகும் நாட்பட்ட வருத்தம். கண்டி கிளினிக்கில் தந்த மெசலசீனும் அசத்தயோபிரினும் குடித்து ஒரு வருடமாகச் சுகமாக இருந்தேன். போன மாதம் கடைவாய்ப்பல் வீங்கி, கோ-அமொக்சிக்லேவ் ஏழு நாள் குடித்தேன். அது முடிந்து பத்து நாளில் வயிற்றால் போக ஆரம்பித்தது. ஒரு நாளைக்கு எட்டு, ஒன்பது தடவை. சளியும் கொஞ்சம் ரத்தமும் போகிறது. பழைய வருத்தம்தான் திரும்பிவிட்டது என்கிறார்கள். முந்தி தந்த பிரெட்னிசொலோன் என்ற ஸ்டெரொய்ட் வீட்டில் மீதி இருக்கிறது. குடிக்கவா? பாமசியில் வயிற்றோட்டத்தை நிறுத்த லோபெரமைட் தந்தார்கள். அதையும் குடிக்கவா?

பதில்: இரண்டும் வேண்டாம் தங்கச்சி. கிளினிக்கில் தந்த மருந்துகளை நீங்களாக நிறுத்தவும் வேண்டாம். முதலில் மலத்தைப் பரிசோதிக்க வேண்டும்.

கோலைட்டிஸ் கிளம்பினாலும், குடலில் கிருமி புகுந்தாலும் வெளியே தெரிவது ஒன்றுதான்: வயிற்றோட்டம், சளி, ரத்தம். உங்கள் கடிதத்தில் என் கண்ணில் பட்டது பல்லுக்குக் குடித்த அன்டிபயோட்டிக். அது குடலில் இருக்கும் நல்ல கிருமிகளையும் சேர்த்து அழித்துவிடும். அந்த வெற்றிடத்தில் குளொஸ்ட்ரிடியோயிடிஸ் டிஃபிசில் என்ற கிருமி பெருகி, அதன் நஞ்சு குடலின் உட்சுவரைப் புண்ணாக்கும். டிஃபிசில் என்றால் லத்தீனில் 'கஷ்டமானது' என்று அர்த்தம். 1935இல் முதலில் விவரித்தவர்களுக்கு அதை வளர்த்தெடுப்பதே பெரும்பாடாக இருந்ததால் வந்த பெயர். கோலைட்டிஸ்காரரை இது அன்டிபயோட்டிக் குடிக்காமலேகூடப் பிடிக்கும். மற்றவர்களுக்குக் குடலில் படியும் மஞ்சள் படலம் கோலைட்டிஸ்காரருக்குப் பல நேரம் படிவதில்லை. அதனால் கெமராக் குழாய் விட்டுப் பார்த்தும் தவறவிடலாம்.

நான் ஒரு முறை இதில் சறுக்கியிருக்கிறேன். மலைநாட்டில் ஒரு வைத்தியசாலையில் இளம் டொக்டராக இருந்த காலம். கோலைட்டிஸ் உள்ள ஒரு அம்மா ரத்தப்போக்கோடு வந்தார். பழைய வருத்தம்தானே என்று ஸ்டெரொய்டைக் கூட்டி எழுதிவிட்டேன். மூன்றாம் நாள் காய்ச்சல். அதற்குப் பிறகுதான் மலத்தை அனுப்பினேன். ஆய்வுகூடத்தில் இருந்தவர் ஆள் விட்டுக் கூப்பிட்டு, "டொக்டர், நீங்களே பாருங்க" என்று நுண்காட்டியை என் பக்கம் திருப்பினார். குடலைப் புண்ணாக்கும் அமீபா என்ற நுண்ணுயிர் உயிரோடு, சிவப்பணுக்களை விழுங்கிய வயிற்றோடு மெல்ல நகர்ந்துகொண்டிருந்தது. உடம்பின் எதிர்ப்புச் சக்தியை அடக்கும் ஸ்டெரொய்ட் அதற்குக் கதவைத் திறந்துவிட்ட மாதிரி. அந்த அம்மா தப்பியது என் கெட்டித்தனத்தால் அல்ல.

சரி, உங்கள் விஷயம். தோட்டத்தில் போத்தலில் எடுத்து, பஸ்ஸில் மடியில் வைத்துக் கண்டி வரை கொண்டு போகாதீர்கள். அமீபாவைப் பார்க்க மலம் சூடாக இருக்க வேண்டும், அரை மணி நேரத்துக்குள் பார்க்க வேண்டும். டிஃபிசிலின் நஞ்சோ வெளியில் வைத்தால் சில மணி நேரத்தில் சிதைந்துவிடும், அதற்குக் குளிர்சாதனப் பெட்டி வேண்டும். ஒன்றுக்குச் சூடு, மற்றதற்குக் குளிர்! ஆகவே வைத்தியசாலைக்குப் போய் அங்கேயே கொடுங்கள். சிறுநீர் கலக்கக் கூடாது. சாதாரண மலப் பரிசோதனையில் டிஃபிசிலைத் தேடமாட்டார்கள், தனியாகக் கேட்க வேண்டும். எனவே கிளினிக் கொப்பியைக் காட்டி, கோலைட்டிஸ் இருப்பதையும் அன்டிபயோட்டிக் குடித்ததையும் நீங்களே வாய்விட்டுச் சொல்லுங்கள்.

டிஃபிசில் என்று வந்தால், வன்கொமைசின் 125 மில்லிகிராம், நாளுக்கு நான்கு தடவை, பத்து நாள். கோலைட்டிஸ் இருப்பதால் சில டொக்டர்மார் இன்னும் சில நாள் நீட்டுவார்கள். இதை வாயால்தான் குடிக்க வேண்டும். நரம்பில் ஏற்றினால் குடலுக்குள் போய்ச் சேராது. கெப்சியூல் இல்லாத இடத்தில் ஊசி மருந்துத் தூளைத் தண்ணீரில் கரைத்துக் குடிக்கத் தருவார்கள், பயப்படாதீர்கள். கசக்கும், அவ்வளவுதான். முந்தி இதற்கு மெட்ரோனிடசோல்தான் முதல் மருந்து. 2018இல் வெளியான அமெரிக்க வழிகாட்டுதல் அதைப் பின்னுக்குத் தள்ளிவிட்டது. அமீபாவுக்கு இன்றும் அதுதான், அதன்பிறகு குடலில் மிஞ்சும் அமீபாவின் உறைக்கூடுகளை அழிக்க இன்னொரு மருந்தும் உண்டு. பாமசியில் குத்துமதிப்பாக ஒன்றை வாங்க வேண்டாம் என்பது இதனால்தான். கிருமிக்கு மருந்து தொடங்கி மூன்று, நான்கு நாளாகியும் குறையாவிட்டால் ஸ்டெரொய்ட் தேவையா என்று கிளினிக் டொக்டர் பார்ப்பார்.

அதுவரை, உடம்பு இழக்கும் நீரையும் உப்பையும் ஈடுசெய்யும் ஜீவனித் தூளைக் கரைத்துக் குடியுங்கள். வயிற்றோட்டம் திடீரென்று நின்று வயிறு உப்பினால், சுகமாகிவிட்டது என்று படுத்துவிடாதீர்கள். குடல் வீங்கி அசைவு நின்றிருக்கலாம். லோபெரமைட்டுக்கு நான் பயப்படுவது இதற்காகவே. அப்படி உப்பினாலோ, காய்ச்சல் அடித்தாலோ, மயக்கம் வந்தாலோ 1990க்கு அழைத்து அம்புலன்ஸில் போங்கள்.

அப்புறம், பல் வலிக்கு என்ன குடித்தீர்கள் என்று எழுதவில்லை. டைக்ளோஃபெனாக் போன்றவை கோலைட்டிஸைக் கிளப்பலாம். உங்களுக்குப் பனடோல் போதும்.

கேள்வி: என் அக்காவுக்கு இதே டிஃபிசில் வந்து மருந்து குடிக்கிறாள். லயத்தில் நாலு வீட்டுக்கு ஒரே டொய்லெட். எல்லோரும் சனிடைசர் பூசினால் போதாதா? சுகமானதும் திரும்பப் பரிசோதிக்க வேண்டுமா? (வாசகர், பொகவந்தலாவை)

பதில்: போதாது. இந்தக் கிருமியின் தடித்த ஓடுள்ள வித்துகளை சனிடைசரில் உள்ள ஸ்பிரிட் கொல்லாது. சவர்க்காரம் போட்டு, பீலியில் ஓடுகிற தண்ணீரில் தேய்த்துக் கழுவுங்கள். டொய்லெட்டையும் கதவுக் கொண்டியையும் பிளீச் கலந்த தண்ணீரால் துடைத்துப் பத்து நிமிடம் விட்டுக் கழுவுங்கள். கொண்டியைத்தான் எல்லோரும் மறப்பார்கள். சுகமான பிறகு பரிசோதனை வேண்டாம், வாரக்கணக்கில் கிருமி இருப்பதாகவே காட்டலாம். ஆனால் இரண்டு மாதத்துக்குள் மறுபடி வயிற்றால் போனால், அன்றைக்கே அக்காவைக் கூட்டிப் போங்கள்.