ஒளிந்திருக்கும் புற்றுநோய், முதலில் காட்டிக்கொடுக்கும் நரம்பு: கேள்வி பதில்

கேட்பதற்கு முன் ஒரு வேண்டுகோள். தொந்தரவு என்ன என்பதோடு, எப்போது தொடங்கியது, எவ்வளவு வேகமாகக் கூடியது என்பதையும் எழுதுங்கள். வாரக்கணக்கா, வருடக்கணக்கா? எனக்குப் பாதி விடை அதிலேயே கிடைத்துவிடும்.

கரூர் வாசகர்: அம்மாவுக்கு வயது 58. ஆறு வாரத்துக்கு முன் நடையில் லேசான தள்ளாட்டம். இப்போது பிடிக்காமல் நிற்க முடியவில்லை, பேச்சும் குழறுகிறது. மூளை எம்ஆர்ஐ நார்மல். ஆனால் டாக்டர் மார்பு, வயிறு, மார்பகம் எல்லாவற்றுக்கும் ஸ்கேன் எழுதியிருக்கிறார். தலையில் கோளாறு என்றால் வயிற்றை ஏன் பார்க்க வேண்டும்?

உங்கள் டாக்டர் சரியாகத்தான் யோசிக்கிறார். ஸ்கேன்களைத் தள்ளிப்போடாதீர்கள்.

சில புற்றுக் கட்டிகள், நரம்பு செல்களில் மட்டுமே இருக்க வேண்டிய புரதங்களைத் தாமும் உண்டாக்குகின்றன. உடலின் எதிர்ப்புச் சக்தி அதை அந்நியப் பொருளாக எண்ணி அடிக்கக் கிளம்புகிறது. கட்டியை அடிப்பது நல்லதுதான். ஆனால் அதே புரதம், நடையையும் பேச்சையும் சீராக வைக்கும் சிறுமூளையிலும் இருப்பதால் அடி அங்கேயும் விழுகிறது. புற்று மூளைக்குப் பரவவில்லை, கட்டியும் மிகச் சிறியதாக இருக்கலாம். அதனால்தான் பெரும்பாலும் புற்று கண்டுபிடிக்கப்படும் முன்பே நரம்புக் கோளாறு வந்து நிற்கிறது. இந்த வகைக்குப் பாரானியோபிளாஸ்டிக் என்று பெயர்.

உங்கள் அம்மாவின் வயதில், வாரக்கணக்கில் சிறுமூளை செயலிழந்தால் முதலில் சந்தேகப்பட வேண்டியவை சினைப்பையும் மார்பகமும். ரத்தத்தில் 'யோ' என்ற ஆன்டிபாடி (எதிர்ப்புச் சக்தி அடிப்பதற்காக உண்டாக்கும் புரதம்) இருக்கிறதா என்று பார்ப்பார்கள். ஆரம்பத்தில் எம்ஆர்ஐ நார்மலாக இருப்பது வழக்கம்தான். சிறுமூளை சுருங்குவது பல மாதம் கழித்தே படத்தில் தெரியும்.

கசப்பான செய்தியையும் சொல்லிவிடுகிறேன். இந்த வகையில் சிறுமூளையின் பர்க்கின்ஜி என்ற நரம்பு செல்கள் செத்துவிடுகின்றன, திரும்ப முளைப்பதில்லை. கட்டியை எடுத்து, எதிர்ப்புச் சக்தியை அடக்கும் ஸ்டீராய்டு, இம்யூனோகுளோபுலின் எல்லாம் கொடுத்தாலும் பெரும்பாலும் கிடைப்பது 'இதற்கு மேல் மோசமாகாமல் நிற்பது'தான். நடக்கும் நிலையில் நிறுத்துகிறோமா, படுக்கையில் நிறுத்துகிறோமா என்பதே கேள்வி. அவசரம் அதற்காகத்தான்.

இன்னொன்று. பல ஆன்டிபாடிகளை ஒரே சோதனைப் பட்டையில் பார்க்கும் டெஸ்டில் 'யோ பாசிட்டிவ்' என்று தவறாக வருவதும் உண்டு. நோயாளியின் நிலையோடு பொருந்தாவிட்டால் வேறு முறையில் உறுதிசெய்ய வேண்டும். நெகட்டிவ் என்றாலும் விஷயம் முடிந்துவிடாது.

திருப்பூர் வாசகர்: பத்து வருடமாகச் சர்க்கரை. இரண்டு வருடமாகப் பாதம் மரத்துப்போகிறது. மறைந்திருக்கும் கேன்சராக இருக்குமா?

வருடக்கணக்கில் மெதுவாக வருவதால் சர்க்கரைதான் காரணமாக இருக்க வாய்ப்பு அதிகம். மெட்ஃபார்மின் என்ற சர்க்கரை மாத்திரை சாப்பிடுகிறீர்கள் என்றால் பி12 வைட்டமின் அளவையும் பாருங்கள்.

திண்டுக்கல் வாசகி: மூன்று வாரமாக இடப்பக்கக் கீழுதடும் முகவாயும் மரத்திருக்கின்றன. பல் டாக்டர் பல்லில் ஒன்றும் இல்லை என்கிறார். ஐந்து வருடத்துக்கு முன் மார்பகப் புற்றுக்கு அறுவை ஆகியிருக்கிறது.

இந்த வாரமே உங்கள் புற்றுநோய் மருத்துவரைப் பாருங்கள்.

எல்லோரும் தெரிந்துகொள்ள வேண்டிய அறிகுறி இது. கீழ்த்தாடை எலும்புக்குள் ஓடும் ஒரு நரம்பு, முகவாய்க்குப் பக்கத்தில் சின்ன ஓட்டை வழியாக வெளியே வருகிறது. உள்ளங்கை அகலம்கூட இல்லாத ஓர் இடம் மட்டும் மரத்துப்போகும். வாய் கோணாது, பெரும்பாலும் வலியும் இருக்காது. உதட்டோரம் சோற்றுப் பருக்கை ஒட்டியிருப்பது தெரியாது. தண்ணீர் குடிக்கும்போது டம்ளர் விளிம்பு பாதிதான் உதட்டில் படுவது போல இருக்கும். அற்பமாகத் தெரிவதால் விட்டுவிடுகிறார்கள். பல்லில் காரணம் இல்லை என்றால் தாடை எலும்பு, மண்டையோட்டின் அடிப்பகுதி, மூளை உறை மூன்றையும் பார்த்தாக வேண்டும். மார்பகப் புற்று திரும்பி வருவதும், நிணநீர்ப் புற்றும் இப்படி முகம் காட்டுவது உண்டு.

சேலம் வாசகர்: அடிக்கடி தலைவலி, கழுத்து வலி...

எத்தனை நாளாக என்று எழுதவில்லை. மேலே முதல் பத்தியைப் படியுங்கள்.

விருதுநகர் வாசகர்: தங்கைக்கு 19 வயது. இரண்டு வாரம் முன்பு வரை கல்லூரிக்குப் போனாள். முதலில் தூக்கம் போனது, பிறகு யாரோ பின்தொடர்கிறார்கள் என்றாள். இப்போது பேச்சே இல்லை. வாய் தானாக மெல்லுவது போல அசைகிறது. நேற்று வலிப்பு வந்தது. வீட்டில் மந்திரிக்க வேண்டும் என்கிறார்கள்.

வேப்பிலை அடிப்பதானால் அடித்துக்கொள்ளட்டும், ஆனால் ஆஸ்பத்திரி வார்டில் வைத்து. இன்றே நரம்பியல் பிரிவு இருக்கும் இடத்துக்குக் கொண்டுபோங்கள்.

மனநோய் இத்தனை வேகத்தில் பேச்சை நிறுத்தி, வாயை அசைத்து, வலிப்பில் கொண்டுபோய் விடுவது அரிது. நான் சந்தேகிப்பது என்எம்டிஏ ஏற்பி மூளை அழற்சி. நரம்பு செல்லில் உள்ள என்எம்டிஏ ஏற்பி என்ற புரதத்தை எதிர்ப்புச் சக்தி தாக்கும் நோய் அது. 2007இல் நரம்பியல் மருத்துவர் டால்மாவின் குழுவினர் பன்னிரண்டு பெண்களை ஆராய்ந்து இதற்கான ஆன்டிபாடியை அடையாளம் காட்டினார்கள். பலருக்குச் சினைப்பையில் டெரடோமா என்ற கட்டி இருந்தது. முடி, பல், சில சமயம் மூளைத் திசுகூட உள்ளே இருக்கும் விசித்திரமான கட்டி. பெரும்பாலும் அது புற்றுகூட இல்லை. எல்லோருக்கும் கட்டி இருப்பதில்லை, ஆனாலும் தேடாமல் விடக்கூடாது. அடிவயிற்று ஸ்கேன் வேண்டும். முதுகில் ஊசி போட்டு எடுக்கும் நீரிலும் ஆன்டிபாடி பார்க்கச் சொல்லுங்கள்.

கரூர் நண்பருக்குச் சொன்னதற்கும் இதற்கும் ஒரு வித்தியாசம் உண்டு. இங்கே ஆன்டிபாடி நரம்பு செல்லின் மேற்பரப்பில்தான் ஒட்டுகிறது, செல் சாவதில்லை. அதனால் சிகிச்சை நேரத்தில் கிடைத்தால் பெரும்பாலானோர் தேறுகிறார்கள். மாதக்கணக்கில் ஆகும், பொறுமை வேண்டும்.

மதுரை வாசகர் (ஆய்வகம் நடத்துகிறேன்): இதெல்லாம் வராமல் தடுக்க வருடத்துக்கு ஒருமுறை ட்யூமர் மார்க்கர் (புற்று இருந்தால் ரத்தத்தில் கூடக்கூடிய பொருள்கள்) பேக்கேஜ் எடுத்தால் போதுமே? சிஇஏ, சிஏ 125 எல்லாம் ஒரே ரத்தத்தில் பார்த்துவிடலாம்.

வேண்டாம். சிஏ 125 மாதவிடாயிலும் கூடும், கருப்பைக் கட்டியிலும் கூடும். சிஇஏ புகைப்பவர்களுக்குச் சும்மாவே கூடுதலாக இருக்கும். நோய் தெரிந்தபின் சிகிச்சையைக் கண்காணிக்க அவை உதவும். ஒன்றும் இல்லாதவருக்கு வாங்கித் தருவது பயத்தை மட்டும்தான்.

கோவை வாசகி: என் சித்திக்குச் சிஏ 125 பார்த்துத்தான் புற்று தெரிந்தது. டெஸ்டை இப்படி மட்டம் தட்டலாமா?

சித்திக்கு வயிறு உப்பியிருந்திருக்கும், ஸ்கேனில் ஏதோ தெரிந்திருக்கும், அப்புறம் ரத்தம் எடுத்திருப்பார்கள். அது சரியான வழி. அறிகுறியே இல்லாதவர் கதை வேறு. வயிற்று டிபியில் நீர் கோத்து, சிஏ 125 எகிறி, சினைப்பைப் புற்று என்று முடிவுகட்டி வயிற்றைத் திறந்தபின் டிபி என்று தெரிவது நம் ஊரில் புதிதல்ல.

மதுரை வாசகர்: தவறாகக் கூடுவது இருக்கட்டும் டாக்டர். நார்மல் என்று வந்தால் நிம்மதிதானே?

அதுதான் இன்னும் ஆபத்து. ஆரம்ப நிலைச் சினைப்பைப் புற்றில் ஏறத்தாழப் பாதிப் பேருக்குச் சிஏ 125 கூடுவதே இல்லை. இன்று நாம் பேசுவதோ எதிர்ப்புச் சக்தி அடித்துச் சிறிதாகவே வைத்திருக்கும் கட்டிகளைப் பற்றி. கரூர் அம்மா போன்ற ஒருவருக்கு 'மார்க்கர் நார்மல்' என்ற சீட்டைக் காட்டி ஸ்கேனை இரண்டு மாதம் தள்ளிப்போட்டால், அந்த இரண்டு மாதத்தில் போன செல்களை எந்தப் பேக்கேஜில் திருப்பித் தருவீர்கள்? உங்கள் தொழில்மேல் எனக்குக் கோபம் இல்லை. டெஸ்டை விற்கும்போது கேள்வியையும் சேர்த்து விற்க முடியாது, அவ்வளவுதான்.

இன்னும் நான்கு பேர் மார்க்கர் பற்றி:

பதில் மேலே இருக்கிறது. அடுத்த கேள்விக்குப் போவோம்.

தூத்துக்குடி வாசகர்: அப்பாவுக்கு 62, பீடிப் பழக்கம். மூன்று மாதமாகத் தொடையில் பலம் இல்லை, நாற்காலியிலிருந்து எழ முடியவில்லை. வாய் எப்போதும் காய்கிறது. எக்ஸ்ரே நார்மல்.

மூன்று மாதம் என்று எழுதியதற்கு நன்றி. வாய் காய்வதை எழுதியதற்கு இன்னும் நன்றி. தொடைப் பலவீனம், வறண்ட வாய், பீடி மூன்றும் சேர்ந்தால் லாம்பர்ட் ஈட்டன் நோயை நினைக்க வேண்டும். நரம்பிலிருந்து தசைக்குச் செய்தி சரியாகப் போய்ச் சேராத நோய் அது. இந்த நோய் வந்தவர்களில் பாதிக்கும் மேற்பட்டோருக்கு நுரையீரலில் சிறுசெல் புற்று இருக்கும். பத்து நொடி தசையை இறுக்கிப் பிடித்தபின் பலம் சற்றுக் கூடுவது இதன் தனி அடையாளம். நரம்புத் தூண்டல் டெஸ்டில் அது பளிச்சென்று தெரியும். எக்ஸ்ரே போதாது, நெஞ்சு சிடி எடுங்கள். பலத்துக்கு அமிஃபாம்ப்ரிடின் மாத்திரை உதவும்.

நாமக்கல் வாசகர்: பயாப்ஸி (சோதிக்கக் கட்டியிலிருந்து சதைத் துணுக்கு எடுப்பது) எடுத்தால் புற்று பரவும் என்கிறார்களே?

அந்தப் பயத்தில் சிகிச்சை தாமதமாகிப் போனவர்கள்தான் அதிகம். நான் பயப்படுவது வேறொன்றுக்கு. மூளையில் கட்டி தெரிந்ததும் டிபியாக இருக்கும் என்று மருந்தோடு ஸ்டீராய்டும் தொடங்கிவிடுகிறார்கள். அது நிணநீர்ப் புற்றாக இருந்தால் ஸ்டீராய்டிலேயே சில நாளில் கரைந்து காணாமல் போகும். வீட்டில் எல்லோரும் குணமாகிவிட்டது என்பார்கள், பிறகு திரும்பி வரும். கரைந்த நேரத்தில் பயாப்ஸி எடுத்தால் விடையும் கிடைக்காது. உயிருக்கு ஆபத்தான வீக்கம் இல்லை என்றால் முதலில் பயாப்ஸி, பிறகு ஸ்டீராய்டு.

ஈரோடு வாசகர்: ஐந்து வருடமாகக் கை மரத்துப்போகிறது, கேன்சரா?

வருடக்கணக்கு. திருப்பூர்க்காரருக்குச் சொன்னதே.

தஞ்சாவூர் வாசகி: கணவருக்கு 'ஹு' ஆன்டிபாடி பாசிட்டிவ். கை கால் உணர்ச்சி இரண்டு மாதத்தில் போய்விட்டது. பெட் ஸ்கேனில் புற்று இல்லை என்கிறார்கள். இனி நிம்மதியாக இருக்கலாமா?

இப்போதைக்குத் தெரியவில்லை என்றுதான் அதற்கு அர்த்தம். 'ஹு'வும் 'யோ' போன்ற ஓர் ஆன்டிபாடிதான். அது இருந்தால் நுரையீரலின் சிறுசெல் புற்றைத்தான் முதலில் தேடுவோம். 2021இல் வந்த சர்வதேசப் பரிந்துரைப்படி, நான்கு முதல் ஆறு மாதத்துக்கு ஒருமுறை, இரண்டு வருடம் தேட வேண்டும். நெஞ்சுக்குள் நிணநீர்க் கணு பெட் ஸ்கேனில் ஒளிர்ந்தால் 'பழைய டிபி' என்று விட்டுவிடாதீர்கள். டிபியும் ஒளிரும், புற்றும் ஒளிரும். ஊசி வைத்து எடுத்துப் பார்த்தால்தான் தெரியும். அடுத்த ஸ்கேன் தேதியை இப்போதே எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். சிகிச்சையை அதற்காகக் காத்திருக்க வைக்க வேண்டாம் என்றும் மருத்துவரிடம் கேளுங்கள்.