படகுக்குத் தளம், கையில் ஜி.பி.எஸ்.: வாசகர் கேள்வி – பதில்

கேள்வி: என்னுடையது 14 அடி அலுமினியப் படகு. அடிப்பாகம் 'வி' வடிவில் இருப்பதால் நின்று தூண்டில் வீச முடியவில்லை, கால் சறுக்குகிறது. சமமாகத் தளம் போட நினைக்கிறேன். வேலி வேலைக்கு வாங்கிய, மருந்தேற்றிய பிளைவுட் மிச்சம் கிடக்கிறது. அதையே போட்டுவிடலாமா?

பதில்: அந்தப் பலகையைப் படகுக்குள் கொண்டுபோகவே வேண்டாம். மரம் உளுக்காமலிருக்க ஏற்றும் மருந்துகளில் பல, செம்பு கலந்தவை. ஈரம் பட்டதும் அந்தச் செம்பு கசிந்து அலுமினியத்தை அரிக்கத் தொடங்கும். முதலில் தகட்டில் வெள்ளை மாவு பூத்தது போலத் தெரியும். அதைச் சுரண்டிப் பார்த்தால் அடியில் குண்டூசி முனை அளவுக்குக் குழிகள் இருக்கும். சிறிய படகுகளின் தகடு பெரும்பாலும் 2 மி.மீ. கனத்தில்தான் இருக்கிறது, ஓட்டை விழ அதிக காலம் ஆகாது. மருந்தேற்றாத மரைன் பிளைவுட் (தண்ணீர் தாங்கும் பசையில் ஒட்டிய பலகை), 12 மி.மீ. கனத்தில் வாங்குங்கள்.

தாங்கும் சட்டத்துக்கு 25 மி.மீ. அலுமினிய ஆங்கிள் போதும். குறுக்குச் சட்டங்களுக்கு இடையே 40 செ.மீ.க்கு மேல் இடைவெளி விடாதீர்கள். விட்டால் மிதிக்கும்போது பலகை தொய்யும். ஆங்கிளைப் படகின் விலாச் சட்டங்களில் ரிவெட் அடித்துப் பொருத்துங்கள், அடித்தகட்டில் எங்கும் துளை போடக் கூடாது. திருகாணியின் நீளத்தையும் முன்பே அளந்துவிடுங்கள். பலகையைத் தாண்டி நீளும் முனை, அலையில் தகடு அதிரும்போது அதைக் குத்தும்.

பலகையை நேராக வெட்டிவிடாமல், முதலில் அட்டையில் அச்சு எடுங்கள். படகின் முன்பக்கமான அணியத்தில் வளைவு ஏறுவதால் ஒரே அட்டையில் அளவு சரியாக வராது. சிறு துண்டுகளை ஓரத்தோடு ஒட்ட வைத்து, டேப்பால் இணைத்து எடுங்கள். வெட்டும்போது சுற்றிலும் 5 மி.மீ. குறைத்து வெட்ட வேண்டும். இந்த இடைவெளி வழியாகத்தான் தளத்தின் மேல் விழும் தண்ணீர் கீழே இறங்கும். விலாச் சட்டங்களின் அடியில் உள்ள நீரோட்டத் துளைகளை எதுவும் மறைக்கக் கூடாது. தேங்கும் நீரை வெளியேற்றும் பம்ப் இருக்கும் பின்பக்க (அமரத்து) பலகையைக் கையால் தூக்கும்படி தனித் துண்டாக விடுங்கள். எல்லாவற்றையும் ஒரே பலகையாக அடித்து மூடுவதுதான் நாம் அடிக்கடி பார்க்கும் தவறு. பம்பில் செதில் சிக்கிய நாளில்தான் அதன் விலை தெரியும்.

எடைக் கணக்கையும் போட்டுக்கொள்ளுங்கள். 2.5 மீட்டர் நீளம், 1.1 மீட்டர் அகலத் தளம் ஏறத்தாழ 20 கிலோ வரும். எடையை விட உயரம்தான் கவலை. தளம் எத்தனை அங்குலம் உயர்கிறதோ, நிற்கும் ஆளின் பாரமும் அத்தனை மேலே போகும், விளிம்பின் மறைப்பும் அத்தனை குறையும். அகலம் கொஞ்சம் குறைந்தாலும் பரவாயில்லை, முடிந்தவரை தாழ்வாகவே போடுங்கள். இருக்கைகளுக்கு அடியில் மிதவை நுரை இருந்தால் அதில் கை வைக்காதீர்கள். படகு நிறைய நீர் புகுந்தாலும் அதை மிதக்க வைப்பது அதுதான்.

கேள்வி: மரைன் பிளைவுட்டே போட்டும் இரண்டே வருடத்தில் திருகாணிகளைச் சுற்றிப் பலகை பஞ்சு மாதிரி ஆகிவிட்டது. மேலே பெயின்ட் நன்றாகத்தான் இருக்கிறது. ஏன்?

பதில்: தண்ணீர் மேலிருந்து போகவில்லை, துளை வழியாகவும் வெட்டிய ஓரம் வழியாகவும் போயிருக்கிறது. பிளைவுட்டின் ஓரத்தில் மரநார்களின் வாய் திறந்திருக்கும், உறிஞ்சுகுழல் போல இழுக்கும். பசை தண்ணீரைத் தாங்கும், மரம் தாங்காது.

5 மி.மீ. திருகாணி என்றால் முதலில் 9 மி.மீ. துளை போடுங்கள். அதை எபாக்சிப் பசையால் நிரப்பி, இறுகிய பின் நடுவில் 5.5 மி.மீ. துளை போடுங்கள். இப்போது திருகாணி மரத்தைத் தொடாது. மேல், கீழ், ஓரம் எல்லாவற்றுக்கும் எபாக்சி மூன்று கை. ஓரத்துக்கு ஒரு கை கூடுதல். அடிப்பக்கத்தைப் பலர் விட்டுவிடுகிறார்கள், நாள் முழுக்க ஈரக்காற்றில் இருப்பதோ அந்தப் பக்கம்தான். முந்தைய பூச்சு விரலில் லேசாக ஒட்டும் பதத்தில் அடுத்ததைப் பூசலாம். முழுதும் இறுகிவிட்டால் மேலே மெழுகு போல் ஒரு படலம் நிற்கலாம். தண்ணீர் விட்டுத் தேய்த்துக் கழுவி, உப்புத்தாள் போட்ட பிறகே அடுத்த கை. வெயில் எபாக்சியைக் கெடுக்கும், ஆகவே கடைசியில் பெயின்ட் கட்டாயம். ஈரப் பெயின்ட் மேல் சலித்த மணலைத் தூவி, காய்ந்ததும் பெருக்கி, இன்னொரு கை அடித்தால் வழுக்காது.

திருகாணி 316 ரகத் துருப்பிடிக்காத எஃகாக இருக்கட்டும். அதுவும் அலுமினியமும் உப்புநீரில் நேராகத் தொட்டால் அலுமினியம்தான் அரிபடும். நைலான் வாஷரும் மரையில் அரிப்புத் தடுப்புப் பசையும் வையுங்கள்.

கேள்வி: தளத்தின் மேல் கார்ப்பெட்டா, நுரை விரிப்பா?

பதில்: கார்ப்பெட் வேண்டாம். ஈரத்தைப் பிடித்து வைக்கும், மீன் கவிச்சி போகாது, தூண்டில் முள் மாட்டினால் எளிதில் வராது. ஈ.வி.ஏ. நுரை விரிப்பு காலுக்கு இதம், ஆனால் கரு நிறம் வெயிலில் காலைச் சுடும். வெளிர் சாம்பல் எடுங்கள். மீன் வெட்டும் இடத்தில் விரிப்பே வேண்டாம், மணல் பெயின்ட் போதும்.

கேள்வி: நண்பர் ஒரு பார் (கடலடிப் பாறைத் திட்டு) இருக்கும் இடத்தைச் சொன்னார். கையடக்க ஜி.பி.எஸ்.ஸில் அப்படியே பதிந்து போனேன். அங்கே வெறும் மணல்தரை. கருவி பழுதா?

பதில்: பெரும்பாலும் கருவி சரியாகவே இருக்கும், எழுதும் முறைதான் மாறியிருக்கும். அவர் "12 டிகிரி 25.500 நிமிடம்" என்று சொல்லியிருந்தால் அது 25 நிமிடம் 30 விநாடி. நீங்கள் 25 நிமிடம் 50 விநாடி என்று பதிந்தால் 20 விநாடி வித்தியாசம். அட்சரேகையில் ஒரு நிமிடம் ஒரு கடல் மைல், அதாவது 1,852 மீட்டர். 20 விநாடிக்கு 617 மீட்டர் வடக்கே தள்ளிப் போய்விடுவீர்கள். அவர் சொன்ன இடத்தை டிகிரியின் தசமமாக எழுதினால் 12.425. 25.500 நிமிடம், 25 நிமிடம் 30 விநாடி, 12.425 மூன்றும் ஒரே இடம்தான். எண்ணைக் கேட்கும்போதே எந்த முறை என்றும் கேளுங்கள். கூடவே இருவர் கருவியிலும் வரைபட அடிப்படை 'டபிள்யூ.ஜி.எஸ். 84' என்று இருக்கிறதா பாருங்கள். அது மாறினாலும் நூறு மீட்டருக்கு மேல் விலகலாம். வானம் திறந்த கடலில் நல்ல கருவி தானாகக் காட்டும் பிழை சில மீட்டர்தான்.

கேள்வி: இருட்டில் திரும்பும்போது அம்புக்குறி காட்டும் திசையிலேயே வரலாமா?

பதில்: வரக் கூடாது. 'இந்த இடத்துக்குப் போ' என்று சொன்னால் கருவி நேர்க்கோடு போடும். நடுவில் பாறையோ அலைத்தடுப்புச் சுவரோ இருப்பதை அந்தக் கோடு பார்க்காது. பகலில் போகும்போதே தடம் பதியும் வசதியை இயக்கி வையுங்கள். திரும்பும்போது அதே தடத்தின் மேல் வாருங்கள். துறைமுக வாய்க்கு வெளியே ஆழமான இடத்தில் ஒரு புள்ளி, வாயின் நடுவில் ஒரு புள்ளி என்று பதிந்து, ஒன்றன்பின் ஒன்றாகப் பிடியுங்கள்.

படகு நின்றிருக்கும்போது காட்டும் திசையையும் நம்ப வேண்டாம். உள்ளே மின்னணுத் திசைகாட்டி இல்லாத கருவி, நகர்ந்தால்தான் திசை கணிக்கும். திசைகாட்டி உள்ள கருவியானாலும், பேட்டரி மாற்றும் ஒவ்வொரு முறையும் அந்தத் திசைகாட்டியைத் திரும்பச் சரிசெய்வது நல்லது. இஞ்சின், கத்தி, ஒலிபெருக்கி அருகில் வைத்துச் செய்யாதீர்கள். ரீசார்ஜ் செல் போட்டால் அமைப்பில் செல் வகையை மாற்றுங்கள். 1.2 வோல்ட் செல்லைச் சாதாரண 1.5 வோல்ட் செல் என்று கருவி நினைத்தால், மீதி அளவைத் தவறாகக் காட்டும். மாற்றுச் செல் ஒரு ஜோடி, ஜிப் பையில், சட்டைப் பையிலேயே இருக்கட்டும். ஐ.பி.எக்ஸ்.7 என்றால் ஒரு மீட்டர் ஆழத்தில் 30 நிமிடம் தாங்கும் என்று பொருள். மிதக்கும் என்று பொருள் இல்லை. கயிறு கட்டி மாட்டுங்கள்.

ஆள் தண்ணீரில் விழுந்தால் அந்த இடத்தைப் பதிய அழுத்தும் 'எம்.ஓ.பி.' எந்தப் பொத்தானில் இருக்கிறது என்பதைக் கரையிலேயே பார்த்து, கண்ணை மூடிக்கொண்டு இரண்டு முறை அழுத்திப் பழகுங்கள்.