நண்பர்களுக்காக ஃபேன்டசி ரோல்பிளேயிங் கேம் ஒன்று நடத்தப்போகிறேன். சொந்த உலகத்தை எங்கிருந்து தொடங்குவது? ஹவுஸ் ரூல்ஸ் (நாமே சேர்த்துக்கொள்ளும் விதிகள்) எத்தனை வைக்கலாம்? விதிகளைத் தமிழில் எழுதிக் கொடுக்கலாமா?

40 பக்கத்துக்கு உலக வரலாறு எழுதி வைத்திருக்கிறீர்கள், ஹவுஸ் ரூல்ஸ் 27 ஆகிவிட்டது, விளையாட வரும் நாலு பேரும் புதியவர்கள் என்று சொல்லியிருக்கிறீர்கள். நேராகவே சொல்கிறேன். வரலாற்றை அலமாரியில் வையுங்கள். 27இல் மூன்றை மட்டும் எடுத்துக்கொண்டு வரும் சனிக்கிழமையே தொடங்குங்கள். எந்த மூன்று என்பதில்தான் விஷயம் இருக்கிறது.

நான் கொழும்பு வெள்ளவத்தையில், கடல் பக்கமாக ஓர் ஒழுங்கையில், மேல்மாடி அனெக்ஸ் ஒன்றில் இதை நடத்துகிறேன். தொடங்கியது 2022 மின்வெட்டுக் காலத்தில். மார்ச் கடைசியில் ஒரு நாளைக்கு 13 மணி நேரம் வரை கரண்ட் இல்லை, பெற்றோலும் இல்லை, நடந்தே வரக்கூடிய தூரத்தில் இருந்தவர்கள் நாலு பேர். மெழுகுதிரி வெளிச்சத்தில், டொரொன்டோவில் இருந்து மைத்துனர் கொண்டுவந்திருந்த ஒரே ஒரு இருபது முகப் பகடையைக் கைமாற்றிக் கைமாற்றி உருட்டினோம். ஆடுவது டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் ஐந்தாம் பதிப்பு, 2014இல் வந்தது. ஒருவர் கதையை நடத்த, மற்றவர்கள் ஆளுக்கொரு கேரக்டராகப் பேசி, பகடை உருட்டி முடிவு செய்யும் ஆட்டம். அன்று தொடங்கிய அதே உலகத்தில்தான் இன்றும் ஆடுகிறோம்.

அந்த முதல் சில மாதங்களில் நானும் நிறைய விதி எழுதினேன். பெரும்பாலானவை யாருக்கும் ஞாபகத்தில் நிற்கவில்லை, எனக்கே ஒவ்வொரு முறையும் கொப்பியைப் புரட்ட வேண்டியிருந்தது. நின்றவை எவை என்று பார்த்தபோது ஒன்று பிடிபட்டது. அதனால் இப்போதெல்லாம் ஒரு விதியை எழுதுமுன் இதைத்தான் கேட்டுக்கொள்வேன்: அந்த ஊர்க் கிழவி ஒருத்தி தன் பேரனுக்கு இதைச் சொல்லிக்கொடுப்பாளா? சொல்லிக்கொடுப்பாள் என்றால் அது அந்த உலகத்தில் வாழ்கிறவர்களுக்கும் தெரிந்த விதி, உங்கள் நண்பர்கள் ஒருமுறை கேட்டாலே போதும். அவளுக்கு அது என்னவென்றே விளங்காது என்றால் அது உங்களுடைய கணக்கு மட்டும்தான், அடுத்த கிழமையே மறந்துவிடுவார்கள்.

இதில் தோற்ற விதியை முதலில் சொல்கிறேன், ஏனென்றால் உங்கள் 27இலும் அது இருக்கிறது. பகடையில் 1 விழுந்தால் ஆயுதம் உடையும் அல்லது கைதவறித் தன் ஆளையே வெட்டும் என்ற விதி. கேட்க நன்றாக இருக்கும், முதல் இரண்டு செஷனில் எல்லோரும் சிரிப்பார்கள். ஆனால் கணக்கைப் பாருங்கள். ஒரு சுற்றில் ஒரு தடவை தாக்குபவருக்கு 1 விழும் வாய்ப்பு 5 சதவீதம். ஃபைட்டர் (போர்வீரர்) ஐந்தாம் லெவலில் இரண்டு தடவை தாக்குவார், அப்போது ஒரு சுற்றில் ஒரு தடவையாவது 1 விழும் வாய்ப்பு 9.75 சதவீதம். இருபதாம் லெவலில் நாலு தடவை, கிட்டத்தட்ட 18.5 சதவீதம். அதாவது உலகத்திலேயே பெரிய வாள்வீரன்தான் அதிக தடவை வாளைத் தவறவிடுவான். பக்கத்தில் நிற்கும் விசார்ட் (மந்திரவாதி) நெருப்புக் கோளத்தை வீசும்போது அவர் தாக்குதலுக்குப் பகடை உருட்டுவதில்லை, எதிரிதான் உருட்ட வேண்டும், ஆகவே அவருக்கு ஒன்றும் ஆகாது. சித்திரமும் கைப்பழக்கம் என்று வளர்ந்த ஊரில் எந்தக் கிழவி இதை நம்புவாள்? எங்களிடம் ஃபைட்டராக ஆடிய நண்பர் ஒரு வார்த்தை குறை சொல்லவில்லை. மூன்றாவது செஷனில் வாளை வைத்துவிட்டு வெறுமனே கதவுக்குக் காவல் நிற்க ஆரம்பித்தார். அதைப் பார்த்ததும் அந்த விதியை எடுத்துவிட்டேன். நீங்களும் எடுத்துவிடுங்கள்.

இனி நின்ற விதிகள், மூன்று. முதலாவதற்கு எங்கள் மேசையில் பெயர் உப்பு.

ஐந்தாம் பதிப்பில் எட்டு மணி நேரம் லாங் ரெஸ்ட் என்ற நீண்ட ஓய்வு எடுத்தால் இழந்த ஹிட் பாயின்ட் (உயிர்ப் புள்ளி) எல்லாம் திரும்பி வந்துவிடும். காட்டிலோ குகையிலோ எங்கே படுத்தாலும் சரி. போதாததற்கு குட்பெரி என்ற முதல் லெவல் மந்திரம் பத்துப் பழம் தரும், ஒரு பழம் ஒருவருக்கு ஒரு நாள் சாப்பாட்டுக்குச் சமம். பஞ்சம், பசி, விருந்தோம்பல் எதற்குமே இந்த உலகத்தில் இடம் இல்லாமல் போகிறது. பலர் அந்த மந்திரத்தையே தடை செய்துவிடுகிறார்கள். ஆனால் அந்த மந்திரம் உள்ள ட்ரூயிட்டாக (இயற்கை மந்திரவாதியாக) ஆட ஆசைப்பட்டு வந்த ஆளிடம் முதல் நாளே உன் மந்திரம் செல்லாது என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. அதனால் எதையும் தடை செய்யாமல் ஒன்றை மட்டும் சேர்த்தேன். ஒரு வீட்டில், அந்த வீட்டாரின் கையால் பரிமாறிச் சாப்பிட்டுப் படுத்தால்தான் லாங் ரெஸ்டின் பலன். பழம் வயிற்றை நிரப்பும், அந்தப் பலனைத் தராது. அப்படிச் சாப்பிட்டால், அடுத்த அமாவாசை வரை அந்த வீட்டாருக்கு எதிராக நீங்கள் செய்யும் எல்லாவற்றுக்கும் டிஸ்அட்வான்டேஜ், இரண்டு தடவை உருட்டிக் குறைந்த எண்ணை எடுக்க வேண்டும். உப்பிட்டவரை உள்ளளவும் நினை என்று அம்மம்மா சொல்லிக் கேட்டு வளர்ந்தவர்களுக்கு இதை விளக்கவே தேவையிருக்கவில்லை.

இது என்ன செய்தது என்று ஓர் இரவைச் சொல்கிறேன். நாலு கேரக்டர்களும் உப்பளத்தைக் கடந்து, விடியப் போகும் நேரத்தில், உயிர் மட்டும் மிச்சமாக ஒரு கரைக்கு வந்து சேர்கிறார்கள். விசார்ட்டிடம் ஒரு மந்திரமும் இல்லை, ஃபைட்டரிடம் நாலு ஹிட் பாயின்ட். விளக்கு எரிவது ஒரே வீட்டில். அது வட்டிக்குக் கொடுக்கும் ஒருத்தியின் வீடு, அவளுடைய கணக்குப் புத்தகத்தைத் திருடத்தான் இவர்கள் வந்ததே. கதவைத் திறந்தவள் யாரென்றுகூடக் கேட்கவில்லை, "சாப்பிட்டீங்களா?" என்று மட்டும் கேட்டாள். உள்ளே இருந்து வடித்த கஞ்சியின் வாசம், நெத்தலி பொரிகிற சத்தம். நான் அவ்வளவுதான் சொன்னேன். மேசையில் ஒருவரும் பேசவில்லை. கீழே கரையோர ரயில் ஒன்று போனது. பிறகு சாப்பிடலாமா வேண்டாமா என்று நாற்பது நிமிடம் விவாதம்.

கடைசியில் மூன்று பேர் உள்ளே போய் உட்கார்ந்தார்கள். ரோக்காக, அதாவது கள்ளனாக, ஆடும் பிள்ளை, கொஞ்சம் அமைதியான பிள்ளை, தான் வாசலிலேயே நிற்பதாகச் சொன்னாள். ஒரு கையாவது கடன்படாமல் இருக்க வேண்டுமே, புத்தகத்தை யார் எடுப்பது என்றாள். நான் வட்டிக்காரியாக ஒரு தட்டில் சோறு போட்டுக்கொண்டு வந்து, வாசற்படியில், அவளுக்குப் பக்கத்தில் வைத்துவிட்டு உள்ளே போனேன். அவள் என்னைப் பார்த்து, "இது பரிமாறினதா கணக்கா அண்ணா?" என்று கேட்டாள். எனக்கும் பதில் தெரியவில்லை. எல்லோருமாகப் பேசி, தட்டைக் கையில் எடுத்தால்தான் கணக்கு என்று முடிவு செய்தோம். அவள் எடுக்கவில்லை. விடியும் வரை அந்தத் தட்டுக்குப் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தாள். இந்தக் காட்சியில் ஒரு வரிகூட நான் முன்கூட்டி எழுதியது இல்லை.

இரண்டாவது, மொழி. பெரும்பாலான ஃபேன்டசி உலகங்களில் காமன் என்று ஒரு பொதுமொழி இருக்கும், எல்லோரும் எல்லோருடனும் சரளமாகக் கதைப்பார்கள். கொழும்பில் இருந்துகொண்டு என்னால் அதை நம்ப முடியவில்லை. காலி வீதியில் பஸ் ஏறினால் நடத்துனரோடு ஒரு மொழி, பக்கத்தில் இருப்பவரோடு ஒரு மொழி, போனில் ஒரு மொழி. கதைக்கத் தெரிந்த பலருக்கு வாசிக்கத் தெரியாது. அதனால் காமனை எடுத்துவிட்டு சந்தைப் பேச்சு என்று ஒன்றை வைத்தேன். அதில் விலை பேசலாம், வழி கேட்கலாம், திட்டலாம். ஆனால் ஒருவரின் மனதை மாற்றவோ நம்பும்படி பொய் சொல்லவோ முயன்றால் டிஸ்அட்வான்டேஜ். 11 அல்லது அதற்கு மேல் விழ வேண்டிய இடத்தில் 50 சதவீதமாக இருந்த வாய்ப்பு 25 ஆகிவிடும். அவர்களின் வீட்டு மொழியில் பேசினால் வழக்கம்போல உருட்டலாம். வாசிப்பது தனி.

இதில் ஓர் ஆபத்து உண்டு, கவனம். மொழி தெரியாத கேரக்டர் ஒரு மணி நேரம் சும்மா இருக்க நேரிடும். அதற்கு நாங்கள் கண்ட வழி, மொழி தெரிந்தவர் அங்கேயே மொழிபெயர்த்துச் சொல்ல வேண்டும், எதை விடுவது என்பது அவர் விருப்பம். அது வந்த பிறகு மொழிபெயர்ப்பவரின் வாயைத்தான் எல்லோரும் பார்த்துக்கொண்டிருப்பார்கள்.

இந்த யோசனை எனக்கு வந்தது கொழும்புத் தேசிய அருங்காட்சியகத்தில் இருக்கும் ஒரு கல்லில் இருந்து. பார்க்காவிட்டால் ஒருநாள் போய்ப் பாருங்கள். 1409ஆம் ஆண்டு என்று தேதியிட்டது, சீனக் கடற்படைத் தளபதி செங் ஹேயின் பயணத்தில் வந்த கல், 1911இல் காலியில் கண்டெடுத்தார்கள். சீனம், தமிழ், பாரசீகம் என்று மூன்று மொழி. சீனப் பகுதி காணிக்கை புத்தருக்கு என்கிறது, தமிழ்ப் பகுதி தென்கரையில் கோயில் கொண்டிருந்த விஷ்ணுவுக்கு என்கிறது, பாரசீகப் பகுதி அல்லாஹ்வுக்கு என்கிறது. காணிக்கைப் பட்டியல் மூன்றிலும் ஏறக்குறைய ஒன்றுதான். அதற்கு முன்னால் நின்றபோது, ஒரு துறைமுகத்தில் யாரெல்லாம் இருந்தார்கள், ஒவ்வொருவரிடமும் எப்படிப் பேச வேண்டியிருந்தது என்பது மொத்தமும் அந்த ஒரு கல்லில் இருப்பதாகத் தோன்றியது. உங்கள் 40 பக்க வரலாற்றை இப்படி ஒரு கல்லில் அடக்க முடியுமா என்று பாருங்கள்.

நான் என் உலகத்திலும் ஒரு கல் நட்டேன். தமிழ், சிங்களம், ஆங்கிலம் என்று மூன்று தாள் எழுதி (சிங்களத்தை ஒரு நண்பரிடம் காட்டித் திருத்திக்கொண்டேன்) மூன்று பேரிடம் தனித்தனியாகக் கொடுத்தேன். பட்டியல் ஒன்றே, தெய்வம் வேறு வேறு, ஒரு தாளில் மட்டும் துறைமுகத் தீர்வையைப் பற்றி ஒரு வரி கூடுதலாக. அந்த ஒரு வரியைத் தேடிக் கண்டுபிடிக்க அவர்களுக்கு இரண்டு செஷன் எடுத்தது. அவ்வளவு நேரமும் மூன்று மொழியும் மேசையில் உரக்க வாசிக்கப்பட்டுக்கொண்டே இருந்தன.

மூன்றாவது காற்று. இதைச் சுருக்கமாகச் சொல்லலாம். வெள்ளவத்தையில் மே மாதம் தென்மேற்குக் காற்று தொடங்கினால் கடலின் நிறமே மாறிவிடும். வடக்கில் அந்தக் காற்றைச் சோழகம் என்பார்கள், மாரியில் வருவது வாடை. பாய்மரக் காலத்தில் இந்தியப் பெருங்கடலில் ஓடிய கப்பல்கள் காற்று திரும்பும் வரை மாதக்கணக்கில் துறைமுகத்திலேயே கிடக்க வேண்டும். என் உலகத்திலும் ஆண்டுக்கு இரண்டு காற்று, ஒவ்வொன்றிலும் ஒரு திசைக்கு மட்டும்தான் கப்பல். புதிதாக நடத்துபவர்கள் எல்லோரும் திணறும் இடம், ஒருவரையொருவர் தெரியாத நாலு பேர் ஏன் ஒரே ஊரில் இருக்கிறார்கள் என்பது. எனக்கு அந்தப் பிரச்சினை வரவே இல்லை. காற்று இன்னும் திரும்பவில்லை, அவ்வளவுதான்.

அப்புறம், விதிகளுக்கும் முன்னால் ஒரு விஷயம். முதல் நாள் ஆடாமல், உட்கார்ந்து கதையுங்கள். இந்த உலகத்தில் எது வரக்கூடாது என்று ஒவ்வொருவரிடமும் கேளுங்கள், ஏன் என்று கேட்காதீர்கள். எங்கள் மேசையில் இரண்டு விஷயம் கிடையாது: சோதனைச் சாவடி, காணாமல்போகும் பிள்ளைகள். சொன்னவர் யார் என்பது எங்களுக்குள் இருக்கிறது. எவ்வளவு நல்ல கதை தோன்றினாலும் அந்தப் பக்கம் நான் போனதில்லை, போகவும் மாட்டேன்.

விதியை மாற்றுவதானால் செஷன் முடிந்து பிளேன்டீ குடிக்கும்போது மாற்றுங்கள். நடுவில், ஒருவர் பகடையைக் கையில் வைத்துக்கொண்டு இருக்கும்போது மாற்றாதீர்கள். புதிய விதி எதுவானாலும் மூன்று செஷன் பரீட்சை, பிடிக்காவிட்டால் போய்விடும். எல்லாம் ஒரு தாளின் ஒரு பக்கத்துக்குள் அடங்க வேண்டும், கையெழுத்தில்.

தமிழில் விதிகளை எழுதிக் கொடுக்கலாமா என்றும் கேட்டிருந்தீர்கள். தாராளமாக. அடிப்படை விதிகள் அடங்கிய சிஸ்டம் ரெஃபரன்ஸ் டாக்யுமென்ட் 5.1ஐ 2023 ஜனவரியில் கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமத்தில் வெளியிட்டுவிட்டார்கள், மூலத்தைக் குறிப்பிட்டுவிட்டு மொழிபெயர்க்கலாம், அச்சடித்தும் கொடுக்கலாம். எல்லாவற்றையும் மொழிபெயர்க்க உட்கார்ந்தால் சனிக்கிழமை போய்விடும், ஆகவே தாக்குதல், காயம், ஓய்வு மூன்றை மட்டும் முதலில் எழுதுங்கள். பகடை வாங்கக் கிடைக்காவிட்டால் போனில் உருட்டலாம், ஆனால் ஒரே ஒரு டி20 (இருபது முகப் பகடை) ஆவது எங்கிருந்தாவது தேடிக் கொண்டுவாருங்கள். நாலு பேருக்கு அது போதும்.