வாசகர் கேள்விகள்: சிங்க்ரோட்ரான் கதிரில் இரும்பின் அணுக்கரு

கேள்வி: கோபால்ட்-57 மூலத்தை வைத்து மாஸ்பவர் ஆய்வை (அணுக்கரு காமாக் கதிரை ஒத்ததிர்வில் ஏற்பதை அளக்கும் முறை) சாதாரண ஆய்வகத்திலேயே செய்துவிடுகிறோம். பிறகு எதற்கு சிங்க்ரோட்ரான் (எலக்ட்ரான்களை வளையத்தில் ஓட்டி எக்ஸ் கதிர் பெறும் நிலையம்)?

பதில்: மாதிரி தாராளமாக இருந்தால் தேவையே இல்லை. கோபால்ட் மூலம் எல்லாத் திசைகளிலும் கதிரை வீசும். சிங்க்ரோட்ரான் கற்றையையோ சில மைக்ரோமீட்டர் புள்ளியாகக் குவிக்கலாம். ஆகவே, வைரங்களுக்கு இடையே நசுக்கப்படும் துகள், சில அணு அடுக்குகளே கொண்ட மென்படலம், இரும்பு அணுக்களின் அதிர்வு நிறமாலை ஆகியவற்றுக்காக மட்டும் கற்றை நேரம் கேளுங்கள்.

கேள்வி: இரும்பு-57 அணுக்கருவின் 14.4 கிலோ எலக்ட்ரான் வோல்ட் ஒத்ததிர்வின் அகலம் 4.7 நானோ எலக்ட்ரான் வோல்ட்தான். எந்த ஒற்றைநிறமாக்கியால் (குறுகிய ஆற்றல் வீச்சை மட்டும் தேர்ந்தெடுக்கும் படிகக் கருவி) இதைப் பிரிக்க முடியும்?

பதில்: பிரிப்பது ஒற்றைநிறமாக்கி அல்ல, கடிகாரம். எலக்ட்ரான்களால் சிதறும் கதிர் உடனே வந்துவிடும். கிளர்வுற்ற அணுக்கருவின் சராசரி ஆயுள் 141 நானோநொடி, எனவே அதன் கதிர் தாமதமாக வரும். தாமதித்து வருபவற்றை மட்டும் எண்ணினால் போதும். ஹாம்பர்க்கில் கெர்டாவ் குழு 1985-ல் யிட்ரியம் இரும்பு கார்னெட் படிகத்தைக் கொண்டு இதை முதலில் செய்து காட்டியது.

முதல் சிலிக்கான் படிகங்கள் ஏறத்தாழ 1 எலக்ட்ரான் வோல்ட் அகலத்துக்குக் கதிரைக் குறைக்கும். அடுத்த நுண்பிரிப்பு ஒற்றைநிறமாக்கி அதை 1 மில்லி எலக்ட்ரான் வோல்ட்டுக்குக் கொண்டுவரும். அதுவும் ஒத்ததிர்வைவிட இரண்டு லட்சம் மடங்கு அகலம். முன்நோக்குச் சிதறலில் (மாதிரியைக் கடந்து நேர்முன்னே வரும் கதிரை அளக்கும்போது) அதன் வேலை, உடனடிக் கதிரின் வெள்ளத்தில் உணரியான அவலாஞ்ச் போட்டோடயோடு திணறாமல் காப்பதுதான். அப்படியிருந்தும் முதல் சில நானோநொடிகளின் தரவு பயன்படாது.

தாமதக் கதிரை எண்ண நேரம் கிடைக்க, வளையத்தில் எலக்ட்ரான் கொத்துகள் போதிய இடைவெளியில் ஓட வேண்டும். ஹாம்பர்க்கின் பெட்ரா-3 வளையத்தில் 40 கொத்து முறையில் இடைவெளி 192 நானோநொடி. கிரெனோபிளின் ஐரோப்பிய சிங்க்ரோட்ரானில் 16 கொத்து முறையில் 176. எல்லா இடத்தையும் நிரப்பிய முறையில் நேரம் கிடைத்தால் இந்த அளவீடு நடக்காது. கொத்துக்குப் பக்கத்து இடங்களில் ஒட்டிக்கொள்ளும் சில எலக்ட்ரான்களும் தொல்லைதான். அவை நேர நிறமாலையில் (எந்த நேரத்தில் எவ்வளவு கதிர் வந்தது என்ற வரைபடத்தில்) கூரிய முட்களாகத் தெரியும். கதிரின் ஆற்றலை ஒத்ததிர்விலிருந்து சில நூறு மில்லி எலக்ட்ரான் வோல்ட் விலக்கிப் பாருங்கள். முட்கள் அப்போதும் இருந்தால் அவை அணுக்கருவிலிருந்து வந்தவை அல்ல. இந்தச் சோதனையை முதல் மணி நேரத்திலேயே செய்துவிட வேண்டும்.

கேள்வி: நேர நிறமாலையின் விம்மல்களிலிருந்து (ஏறி இறங்கும் அலைவுகளிலிருந்து) காந்தப்புலத்தை எப்படி எடுப்பது?

பதில்: விம்மலின் காலம் இரண்டு ஆற்றல் மட்ட மாற்றங்களின் இடைவெளியைச் சொல்கிறது. அறை வெப்பநிலையில் உலோக இரும்பின் மிகைநுண் புலம் (அணுக்கருவின் இடத்தில் உள்ள காந்தப்புலம்) 33 டெஸ்லா. வெளிப்புலத்தின் திசையைக் கொண்டு ஆறு நிறமாலைக் கோடுகளில் 2, 5 ஆகியவற்றை மட்டும் கிளறினால் விம்மல் காலம் சுமார் 14 நானோநொடி. நான்முனைப் பிளவு (சுற்றியுள்ள மின்புலச் சரிவால் மட்டம் பிரிவது) மாஸ்பவர் ஆய்வின் வேக அலகில் நொடிக்கு 1 மில்லிமீட்டர் என்றால் 86 நானோநொடி. இங்கே கொத்துகளுக்கு இடையே அளக்கக் கிடைக்கும் நேர ஜன்னலே எல்லையாகிவிடும், அரைப் பிளவுக்கு ஒரு முழு விம்மல்கூடத் தேறாது.

பலர் சறுக்குவது மாதிரியின் தடிமனில். இரும்பு-57 செறிவூட்டிய இரும்புத் தகடு சில மைக்ரோமீட்டர் இருந்தாலே கதிர் பலமுறை சிதறி, சிதைவு வேகமாகி, தனி விம்மல் ஒன்று கிளம்பும். அதைப் புலப் பிளவு என்று பொருத்தினால் எண் தவறாகும். அடையாளம் உண்டு: பிளவின் விம்மல் சீரான இடைவெளியில் வரும், தடிமனின் விம்மல் நேரம் போகப்போக நீளும். சந்தேகமிருந்தால் இரண்டு தடிமன்களில் அளந்து ஒரே பொருத்தலில் சேருங்கள். ஐசோமர் பெயர்ச்சி (அணுக்கருவில் எலக்ட்ரான் அடர்த்தி மாறுவதால் ஒத்ததிர்வு ஆற்றல் நகர்வது) வேண்டுமானால் ஒற்றைக் கோடு தரும் துருவேறா எஃகுத் தகட்டையும் கற்றையில் வையுங்கள். ஒரே வகை இரும்பு இடமுள்ள மாதிரி தனியாக அதைக் காட்டாது.

கேள்வி: அதிர்வு நிறமாலை சரியாக வந்ததா என்று எப்படித் தெரிந்துகொள்வது?

பதில்: இங்கே ஒற்றைநிறமாக்கியை ஒத்ததிர்வின் இருபுறமும் 80 மில்லி எலக்ட்ரான் வோல்ட் அல்லது அதற்கு மேல் நகர்த்துகிறோம். உணரியை மாதிரிக்கு மிக அருகே வைத்து, தாமதமாக வரும் 6.4 கிலோ எலக்ட்ரான் வோல்ட் ஒளிர்வை எண்ணுகிறோம். இரண்டு சோதனைகள் கட்டாயம். சீராக்கிய நிறமாலையின் முதல் திருப்புத்திறன் (சராசரி ஆற்றல் மாற்றம்) இரும்பு-57-இன் பின்னுதைப்பு ஆற்றலான 1.96 மில்லி எலக்ட்ரான் வோல்ட்டுக்கு வர வேண்டும். இடது, வலது பக்கங்களின் விகிதம் மாதிரியின் வெப்பநிலையைத் தர வேண்டும். வராவிட்டால் பின்னணியைத் தவறாகக் கழித்திருப்பீர்கள், அல்லது வீச்சைக் குறுக்கியிருப்பீர்கள். நடுச் சிகரத்தின் உயரத்தை நம்பிச் சீராக்க வேண்டாம், தடிமன் அதை மட்டும் அமுக்கிவிடும். கிடைப்பது இரும்பின் பங்கு மட்டும். ஆக்சிஜனின் அசைவு இதில் நேராகத் தெரியாது.

கேள்வி: எல்லாத் தனிமங்களுக்கும் இது பொருந்துமா?

பதில்: இல்லை. தாழ்ந்த ஆற்றலில் கிளர்வு நிலை வேண்டும், அதன் ஆயுளும் உணரிக்கு எட்ட வேண்டும். வெள்ளீயம்-119 (23.9 கிலோ எலக்ட்ரான் வோல்ட்), யூரோப்பியம்-151 (21.5) ஆகியவற்றில் செய்கிறார்கள். ஆனால் ஆயுள் குறுகியதால் வேகமான உணரி தேவை. சிலிக்கான், அலுமினியத்தில் வழியில்லை. இயற்கை இரும்பிலும் இரும்பு-57 வெறும் 2.1 சதவீதம், எனவே மென்படலத்தைச் செறிவூட்டிய இரும்பால்தான் செய்ய வேண்டும்.