உளுந்து ஊறப்போட்டாச்சா?

வணக்கம் ஐயா,

காரைக்குடியில் பலகாரக் கடை ஒன்றில் தேன்குழல் பிழிகிறேன். வீட்டுக்காரருக்குச் சிங்கப்பூரில் வேலை போய், ஊர் திரும்பி எட்டு மாதமாகிறது. யாரிடமும் பேசுவதில்லை, ராத்திரி தூக்கமும் இல்லை. எனக்குக் கடைக்குப் போனால்தான் மூச்சு விட முடிகிறது. வீட்டுக்கு வந்தால் பாத்திரம் குவிந்து கிடக்கும். "நீ வேலையை விட்டாலே அவன் சரியாகிவிடுவான்" என்கிறார்கள் அத்தை. நான் சம்பாதிப்பதுதான் அவரை முடக்கிவிட்டதா?

ஒரு வாசகி

அன்புள்ள சகோதரிக்கு,

இல்லை. வேலையை விட்டுவிடாதீர்கள்.

ஆஸ்திரியாவில் மரியந்தால் என்றொரு சிற்றூர். அங்கிருந்த நெசவாலையை மூடியதும் ஊரே வேலையிழந்தது. சமூக உளவியலாளர் மரி யஹோடாவும் கூட்டாளிகளும் அங்கே போய்ப் பார்த்து எழுதியது 1933இல் வெளிவந்தது. ஆண்கள் தெருவில் நடக்கும் வேகமே குறைந்துபோயிருந்தது. காலைக்கும் மதியச் சாப்பாட்டுக்கும் நடுவில் என்ன செய்தாய் என்று கேட்டால் பதில் இல்லை. பெண்களுக்கோ வீட்டில் கை ஓயவில்லை. ஆனாலும் ஆலை திறந்தால் திரும்பப் போகவே அவர்கள் ஆசைப்பட்டார்கள், காசுக்காக மட்டுமல்ல. உங்கள் வீட்டுக் கதையேதான், இல்லையா? அவருக்குப் போனது சம்பளம் மட்டுமல்ல. எழுந்து போக ஓர் இடமும் போய்விட்டது. நீங்களும் வீட்டில் உட்கார்ந்தால் அந்த இடம் அவருக்குத் திரும்பி வராது.

நகரத்தார் வீட்டு ஆண்கள் பர்மாவுக்கும் மலேயாவுக்கும் கொண்டுவிக்க, அதாவது தொழில் செய்யப் போன காலத்தில் ஆச்சிகள்தான் சாவிக்கொத்தோடு இங்கே எல்லாம் பார்த்தார்கள். அதை யாரும் வேலை என்று சொன்னதில்லை. இப்போதும் அப்படித்தான். 2024ஆம் ஆண்டின் மத்திய அரசுக் கணக்கெடுப்பில், தன் வீட்டு வேலையைச் செய்யும் பெண் அதற்குச் செலவிடுவது நாளுக்கு 289 நிமிடம், செய்யும் ஆண் 88 நிமிடம். 'செய்யும் ஆண்' என்பதைக் கவனியுங்கள், செய்யாதவர்கள் இந்தக் கணக்கிலேயே இல்லை.

அந்தச் 'செய்யும் ஆண்'களில் நானும் ஒருவன். என் மனைவிக்குக் கை முறிந்த இரண்டு மாதம் நான் சமைத்தேன். பெருங்காயம் எங்கே, புளி எவ்வளவு, பருப்பு வெந்ததா என்று அடுப்படியிலிருந்து கத்திக்கொண்டே இருப்பேன். கரண்டி பிடித்தது நான், யோசித்ததெல்லாம் அவள். ஒருநாள் தேவகோட்டையில் பேங்க் வரிசையில் நிற்கும்போது, 'ஐயோ, உளுந்து ஊறப்போடவில்லையே' என்று நெஞ்சு திக்கென்றது. அன்றைக்குத்தான் அவள் தலைக்குள் இத்தனை வருஷம் என்ன ஓடியது என்று புரிந்தது.

நகரத்தார் வீடுகளில் கல்யாணமானதும் வேறு வைப்பார்கள். ஒரே வீடு, அடுப்பு மட்டும் தனி. அப்படி ராத்திரிச் சமையலை அவருக்கு வேறு வைத்துவிடுங்கள். ஒத்தாசை என்று கேட்காதீர்கள். சாமான் வாங்குவது முதல் பாத்திரம் கழுவுவது வரை அவர் பொறுப்பு.

ஆனால் எட்டு மாதப் பேச்சின்மையும் தூக்கமின்மையும் சமையலால் மட்டும் தீராது. மனநல மருத்துவரைப் பார்க்கத்தான் வேண்டும். அவர் கூச்சப்பட்டால் முதலில் 14416க்குப் பேசச் சொல்லுங்கள். அரசின் இலவச எண், தமிழிலேயே பேசலாம். அத்தையிடம் இதை நீங்கள் சொல்ல வேண்டாம், அவரையே சொல்ல விடுங்கள்.

அப்புறம், முதல் வாரம் குழம்பு உப்புக் கரிக்கும். எழுந்து போய்விடாதீர்கள்.