சுவரில் சென்னா, கண்ணாடியில் ஹெல்மெட்

கேள்வி: என் மகனுக்கு 19 வயது. இன்ஜினீயரிங் இரண்டாம் வருடம். அறைச் சுவர் முழுக்கக் கார் பந்தயத்தில் செத்துப்போனவர்களின் படங்கள். சென்னா, ஜிம் கிளார்க் என்று ஏதேதோ பெயர் சொல்கிறான். அவர்கள் மோதிய வீடியோக்களை ராத்திரியில் திரும்பத் திரும்பப் பார்க்கிறான். இப்போது இருங்காட்டுக்கோட்டையில் பந்தயப் பயிற்சிக்குப் பணம் கேட்கிறான். முடியாது என்றதிலிருந்து என்னோடு சரியாகப் பேசுவதில்லை. சனிக்கிழமை ராத்திரி நண்பர்களோடு பைக்கில் மகாபலிபுரம் வரை போய் டீ குடித்துவிட்டு வரும்போதுதான் கொஞ்சம் முகம் தெளிகிறது. இவனுக்கு மனசு சரியில்லையா? எப்படித் தடுப்பது?
- பெயர் வேண்டாம், வளசரவாக்கம்

பதில்: அன்புச் சகோதரி, பையன் நேரத்துக்குச் சாப்பிடுகிறான், தூங்குகிறான், காலேஜ் போகிறான் என்றால் சுவரில் படம் ஒட்டுவது நோயில்லை. வாழப் பிடிக்கவில்லை என்பது போல ஏதாவது பேசினாலோ, தூக்கமே இல்லாமல் போனாலோ உடனே மனநல மருத்துவரிடம் கூட்டிப்போங்கள். அதில் தயக்கம் வேண்டாம்.

சரி, வீடியோவுக்கு வருவோம். ஒருநாள் ராத்திரி அவன் பக்கத்தில் போய் உட்காருங்கள். "இதில் என்ன ஆச்சு?" என்று மட்டும் கேளுங்கள். பெரும்பாலும் 1994-ல் இத்தாலியின் இமோலாவில் நடந்த ஃபார்முலா ஒன் கார் பந்தயத்தைத்தான் காட்டுவான். வெள்ளிக்கிழமை பாரிக்கெல்லோ என்ற ஓட்டுநரின் கார் பறந்து மோதியது, பிழைத்தார். சனிக்கிழமை ராட்சன்பெர்கர் என்ற ஆஸ்திரியர், முன்பக்க இறக்கை உடைந்து சுவரில் மோதி இறந்தார். அவருக்கு ஃபார்முலா ஒன்றில் அது முதல் வருடம். பெயர்கூடப் பலருக்குத் தெரியாது. உங்கள் பையன் சுவரில் இருக்கிற பிரேசில்காரர் சென்னா ஆடிப்போய்விட்டார். பந்தய மருத்துவர் சிட் வாட்கின்ஸ், "விட்டுவிடு, மீன் பிடிக்கப் போகலாம்" என்கிற மாதிரி சொல்லிப் பார்த்தார். கேட்கவில்லை. மறுநாள், மே 1, பந்தயத்தில் டம்புரெல்லோ வளைவில் சென்னாவின் கார் நேராகச் சுவருக்குப் போனது. சஸ்பென்ஷன் கம்பி ஹெல்மெட்டைத் துளைத்தது. வயது 34. காருக்குள் ஆஸ்திரியக் கொடி ஒன்று சுருட்டி வைத்திருந்தது. ஜெயித்தால் ராட்சன்பெர்கருக்காகக் காட்டலாம் என்று எடுத்து வைத்தது. எனக்கு இன்றைக்கும் அந்தக் கொடிதான் கண்ணில் நிற்கிறது.

அடுத்து, "அதற்கப்புறம் என்ன மாற்றினார்கள்?" என்று கேளுங்கள். பையன் பேச ஆரம்பித்துவிடுவான், பாருங்கள். டம்புரெல்லோவையே திருத்திக் கட்டினார்கள். 2001-ல் டேடோனாவில் கடைசிச் சுற்றில் அமெரிக்க ஓட்டுநர் டேல் எர்ன்ஹார்ட் மண்டையோட்டின் அடிப்பகுதி முறிந்து இறந்த அதே வருடம், தலையையும் தோளையும் இழுத்துப் பிடிக்கும் பட்டை அமெரிக்க நாஸ்கார் பந்தயங்களில் கட்டாயமானது. 2014-ல் ஜப்பானில் மழையில் ஜூல்ஸ் பியாங்கியின் கார், வேறொரு காரை அப்புறப்படுத்த வந்த டிராக்டரில் மோதியது. மறுவருடம் ஜூலையில் போனார். சென்னாவுக்குப் பிறகு இருபது வருடம் கிராண்ட் பிரீ எனப்படும் ஃபார்முலா ஒன் பந்தயத்தில் ஓட்டுநர் சாவு இல்லாமல் இருந்தது இப்படி முடிந்தது. 2018-ல் தலைக்கு மேல் ஹேலோ என்ற வளையம் வந்தபோது ஹவாய் செருப்பு வார் மாதிரி இருக்கிறது என்று ரசிகர்கள் கிண்டலடித்தார்கள். குரோஷான் என்ற ஓட்டுநருக்கும் அது பிடிக்கவில்லை. 2020-ல் பஹ்ரைனில் அவர் கார் தடுப்பைப் பிளந்துகொண்டு தீப்பற்றியபோது தலையைக் காப்பாற்றியது அந்தச் செருப்பு வார்தான். கையில் தீக்காயத்தோடு எழுந்து வந்தார்.

இதற்காகப் பந்தயத் திடல் பத்திரமான இடம் என்று நான் சொல்லவில்லை. நம் இருங்காட்டுக்கோட்டையிலேயே 2023 ஜனவரியில் மூத்த ஓட்டுநர் கே.இ. குமார் இறந்தார், அதே வருடம் ஆகஸ்டில் பெங்களூரைச் சேர்ந்த 13 வயது பையன் பைக் பந்தயத்தில் போனான். உங்கள் பயம் நியாயம்தான். ஆனால் உங்கள் கடிதத்தில் என் வயிற்றைக் கலக்கிய வரி இருங்காட்டுக்கோட்டை பற்றியது இல்லை, மகாபலிபுரம் டீ. நீங்கள் அதைப் போகிற போக்கில், ஏதோ ஆறுதல் போலக்கூட எழுதியிருக்கிறீர்கள்!

அஷ்வின் சுந்தர் நினைவிருக்கிறதா? நம்ம சென்னைக்காரர், பந்தய ஓட்டுநர். 2017 மார்ச்சில் அவரும் மனைவியும் இறந்தது எந்தப் பந்தயத்திலும் இல்லை. நள்ளிரவில், சாந்தோம் பக்கம், கார் மரத்தில் மோதித் தீப்பிடித்து. திடலில் எல்லா வண்டியும் ஒரே திசையில் போகும், கொடி காட்ட ஆள் நிற்பான், ஆம்புலன்ஸ் தயாராக இருக்கும். ஈ.சி.ஆரில் ராத்திரி ஒரு மணிக்கு எதிரே வருவது மாடா, ராங் சைடு ஆட்டோவா, யாருக்குத் தெரியும்?

இந்தச் சனிக்கிழமை அவன் கிளம்பும்போது பால்கனியில் நின்று பாருங்கள். ஹெல்மெட் தலையில் இருக்கிறதா, பைக் கண்ணாடியில் தொங்குகிறதா? தலையில் இருந்தால் தாடைப் பட்டை மாட்டியிருக்கிறதா? அப்புறம் பேரம் பேசுங்கள். ராத்திரி ஈ.சி.ஆர். ஓட்டம் நிற்கட்டும், ஆறு மாதம் நின்றால் முதல் கட்டப் பயிற்சிக்குப் பாதிப் பணம் நீங்கள், மீதி அவன் சம்பாதித்துப் போடட்டும். பணம் கட்டுவதற்கு முன் அங்கே என்ன மருத்துவ ஏற்பாடு, என்ன காப்பீடு என்று நீங்களே கேளுங்கள். வாய் திறந்து பதில் சொல்லாத இடத்தில் சேர்க்காதீர்கள்.

அதற்கு முன்னால் ஒரு பந்தய ஞாயிறன்று அவனோடு போய்ப் பார்த்துவிட்டு வாருங்கள். சின்ன வயதில் என் மாமா என்னைச் சோழவரம் பந்தயத்துக்குக் கூட்டிப்போனார். யார் ஜெயித்தார் என்பதே நினைவில்லை, வெயில் மட்டும்தான் நினைவிருக்கிறது. குடையும் இரண்டு பாட்டில் மோரும் மறக்காதீர்கள்.